மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் யார்?



நன்னெறிக்கல்வியில் பையனுக்கு 'ஏ'. அதே பையன் பள்ளியில் அடிதடி என்று கட்டொழுங்கு ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புகிறார். இப்படி ஒரு வீட்டையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

2025 அக்டோபரில் பண்டார் உத்தாமா இடைநிலைப்பள்ளியில் 16 வயது மாணவி கத்திக்குத்தில் உயிரிழந்தார். கைதானவன் 14 வயது மாணவன். அன்று நாடே உறைந்துபோனது. இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் "பள்ளியில் ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதே இல்லை" என்ற பேச்சு எழும்.

உண்மையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1983-இல் தொடக்கப்பள்ளிக்கும் 1989-இல் இடைநிலைப்பள்ளிக்கும் வந்த பாடம் நன்னெறிக்கல்வி. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போகும் நேரத்தில் நம் பிள்ளைகள் மோரல் வகுப்பில் உட்காருகிறார்கள். எஸ்.பி.எம். வரைக்கும் அது உண்டு. முன்பு 36 நெறிகளையும் அவற்றின் விளக்கத்தையும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்தார்கள். புதிய பாடத்திட்டத்தில் நெறிகள் 18 ஆகிவிட்டன.

2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது நினைவிருக்கிறதா? உறுப்பினர்கள் 40,000-க்கும் மேல். அவர்களில் 28,000-க்கும் அதிகமானோர் இந்தியர்கள். மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். அந்த இளைஞர்களில் எத்தனையோ பேர் மரியாதை, கருணை, சகிப்புத்தன்மை என்று பரீட்சைத்தாளில் எழுதிய தலைமுறை. எழுதியது கையை நிறுத்தவில்லையே!

அதற்காகப் பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் மட்டும் போதும் என்று நம்புவது தவறு. அமெரிக்கக் கல்வித் துறை பள்ளிகளில் ஏழு நற்பண்புத் திட்டங்களை நடத்திப் பார்த்து 2010-இல் அறிக்கை கொடுத்தது. மொத்தத்தில், பிள்ளைகளின் நடத்தையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. நார்வே வேறு வழியில் போனது. பகடிவதை தாங்காமல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 1983-இல் அங்கே ஒரு பெரிய இயக்கம் தொடங்கியது. ஓய்வு நேரத்தில் திடலில் ஆசிரியர் நின்றார். அடித்தவனையும் அடிபட்டவனையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். இரு வீட்டுப் பெற்றோரையும் வரவழைத்தார்கள். பெர்கன் நகரப் பள்ளிகளில் பகடிவதை நன்றாகவே குறைந்தது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்ததுதான் அங்கே வேலை செய்தது.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். லாபு, லிங்கி, சிலியாவ், ரந்தாவ், பகாவ், ஜெரம் பாடாங். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, பால்மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பியது ஒரு தலைமுறை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் ஆள் இருந்தது. கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. பையன் யாரையாவது அடித்தால் அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் காலம் பொற்காலம் ஒன்றும் இல்லை. கள்ளுக்கடையும் வீட்டுக்குள் நடந்த அடி உதையும் அந்த லயத்தில்தான் இருந்தன. இருந்தும், பிள்ளை எங்கே போனான் என்பது நாலு பேருக்குத் தெரியும்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் பக்கம் தோட்டங்கள் தாமான்களாக மாறின. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அம்மாவும் அப்பாவும் செனாவாங்கிலோ நீலாயிலோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓவர்டைம் இல்லாமல் கார்க் கடனும் வீட்டுக் கடனும் எப்படிக் கட்டுவது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இதே சமயத்தில்தான் பிள்ளையின் உலகமும் மாறுகிறது. எல்லா மாணவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிடும் சின்னத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன், பெரிய இடைநிலைப்பள்ளியில் யாரோ ஒருவனாகிவிடுகிறான். மலாய்மொழி தடுமாறினால் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம். கூடப் படித்தவர்கள் முன்னே போக, அவன் மட்டும் பின்னால். பள்ளி விட்டதும் பூட்டிய வீடு.

அந்த நேரத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார்? கடை முக்கில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் 'அண்ணன்'. நாசி லெமாக் வாங்கித் தருவார். போனுக்கு டாப்-அப் போடுவார். "உன்னை எவனாவது தொட்டால் என்கிட்ட சொல்லு" என்பார். 13 வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது? அதற்கு எதிரே 18 நெறிகளின் பட்டியலை வைத்தால் எது ஜெயிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே, நன்னெறி ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை இது. விளக்கம் ஒப்பிக்க வைக்கும் நேரத்தில் பாதியை, போன வாரம் திடலில் நடந்த சண்டையைப் பேச ஒதுக்குங்கள். யார் தொடங்கியது, சுற்றி நின்றவர்கள் ஏன் வீடியோ எடுத்தார்கள், அடுத்த முறை என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே பேசட்டும்.

பெற்றோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இந்த வருஷம் ஒரு முறையாவது போங்கள். ரிப்போர்ட் கார்டில் மார்க்கைப் பார்த்து முடித்ததும், பையன் ஓய்வு நேரத்தில் யாரோடு இருக்கிறான் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஷிப்ட் வேலை என்றால், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மாமாவிடமோ அத்தையிடமோ சொல்லி வையுங்கள். பள்ளி விட்டதும் பிள்ளை அவர்களிடம் முகத்தைக் காட்டிவிட்டு வரட்டும்.

கோயில் தலைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டுப் போனவர்கள்கூட வருஷத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கும்பல் எண் போட்ட சட்டையும் நுழைவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். விரட்டினால் அந்தப் பையன்கள் வேறு இடத்துக்குப் போவார்கள், அவ்வளவுதான். வருஷம் முழுக்கப் பெரும்பாலான நாள் கோயில் மண்டபம் மத்தியானத்தில் காலியாகத்தானே கிடக்கிறது? நாலு மேசை, ஒரு கேரம் போர்டு, கொஞ்சம் மைலோ, மாறி மாறி வந்து உட்கார இரண்டு பெரியவர்கள். அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில், வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கு எவ்வளவு தர முடியும் என்று யாராவது எழுந்து கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்