சொடக்கிடும் இடுப்பும் வாய் திறவாத நாட்டிய ஆய்வும்

பெங்களூரில் மல்லேசுவரம், ஜெயநகர், பசவனகுடி எனப் பல பகுதிகளிலும் மாலை வேளைகளில் பரதநாட்டிய வகுப்புகள் நடக்கின்றன. தட்டுக்கழியின் ஒலி ஓயும் இடைவெளியில் சில வேளை வேறோர் ஒலி கேட்கும். அரைமண்டியிலிருந்து எழும் மாணவியின் தொடை இடுக்கில் 'டக்' என்று ஒரு சொடக்கு. மாணவி ஆசிரியரைப் பார்க்கிறாள். 'மூட்டு திறக்கிறது, பழகப் பழகச் சரியாகிவிடும்' என்பது வகுப்பறை தரும் விடை. 'ஆடியது போதும், முதலில் ஸ்கேன் எடு' என்பது வீடு தரும் விடை. உடல், உடலரசியல், உடல்மொழி என்று கருத்தரங்குதோறும் பேசும் நாட்டிய ஆய்வுலகத்திடமோ விடையே இல்லை.

இம்மூன்றும் பிழை. அவற்றுள் மூன்றாவதே பெரும்பிழை. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அறியாமை என்ற சமாதானமேனும் உண்டு. நூலகமும் ஆய்வு உதவித்தொகையும் கையிலுள்ள கல்விப்புலத்திற்கு அந்தச் சமாதானம் இல்லை.

முதலில் அந்த ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். மருத்துவம் அதனை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வகை வெளிப்புறச் சொடக்கு. இடுப்பின் பக்கவாட்டிலிருந்து முழங்கால் வரை இறங்கும் இலியோடிபியல் பட்டையோ, பிட்டத்தின் பெருந்தசையின் முன்விளிம்போ, தொடையெலும்பின் மேற்பக்கப் புடைப்பைத் தாண்டும்போது இது நிகழ்கிறது. ஒலியைவிடக் காட்சியே இதில் மிகுதி; தோலுக்கடியில் ஏதோ துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். மூட்டே நழுவிவிட்டதாக நோயர் அஞ்சுவார். உண்மையில் மூட்டு தன் இடத்திலேயே இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பிட்டத்தில் அடிக்கடி ஊசி போடப்பட்டவர்களிடம் அத்தசை நார்த்தன்மையடைந்து இவ்வகைச் சொடக்கு தோன்றுவதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இரண்டாவது உட்புறச் சொடக்கு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பெலும்பின் உட்புறத்திலும் தொடங்கித் தொடையெலும்பில் வந்து சேரும் இலியோசோவாஸ் தசையே தொடையை உயர்த்தும் முதன்மைத் தசை. அதன் நாண் மூட்டுக்கு முன்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தாவும்போது ஆழ்ந்த ஒலி எழுகிறது. இதனைக் காண்பதைவிடக் கேட்பது எளிது. அருகில் நிற்பவர் காதுக்கும் எட்டும். மூன்றாவது வகை மூட்டுக்குள்ளேயே பிறப்பது. மூட்டுக் குழியின் விளிம்பிலுள்ள லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையம் கிழிவதோ, உடைந்த சிறு துண்டுகள் மூட்டுக்குள் மிதப்பதோ இதற்குக் காரணம். முதல் இரண்டும் பெரும்பாலும் தீங்கற்றவை. மூன்றாவது அப்படியன்று.

உட்புறச் சொடக்கை மருத்துவர் சோதிக்கும் முறை கவனத்திற்குரியது. நோயரைப் படுக்க வைத்து, தொடையை மடக்கி, பக்கவாட்டில் விரித்து, வெளிப்புறம் திருப்பி, அங்கிருந்து மெல்ல நேராக நீட்டச் செய்வார். அந்தப் பாதையில்தான் நாண் தாவும். அரைமண்டி என்பது என்ன? தொடை மடங்கி, விரிந்து, வெளிப்புறம் திரும்பிய நிலை. அதிலிருந்து சமபாதத்திற்கு எழுவது என்ன? மருத்துவரின் சோதனைப் பாதையேதான். முழுமண்டியிலிருந்து எழுகையில் அப்பாதை இன்னும் நீள்கிறது. ஆகவே நாட்டிய வகுப்பு ஒவ்வொரு மாலையும் இச்சோதனையை நூற்றுக்கணக்கான முறை நிகழ்த்திக்கொண்டிருக்கிறது. முடிவைக் குறித்துவைப்பவர் மட்டும் இல்லை.

பாலே உலகில் குறித்துவைத்திருக்கிறார்கள். கனடாவில் தேர்ந்த பாலே கலைஞர்கள் 87 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில் 91 விழுக்காட்டினர் தமக்கு இடுப்புச் சொடக்கு உண்டு என்றனர். அவர்களுள் 80 விழுக்காட்டினருக்கு இருபுறமும் அது இருந்தது. 58 விழுக்காட்டினருக்கு வலியும் உடனிருந்தது. ஆனால் அதன் பொருட்டு ஆட்டத்திலிருந்து விடுப்பு எடுத்தவர் மிகச் சிலரே.

இந்த எண்கள் வீடு, வகுப்பறை இரண்டின் விடைகளையும் ஒருங்கே மறுக்கின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும் ஒன்றைக் கேட்டவுடன் நோயென்று முடிவுகட்டி ஆட்டத்தை நிறுத்துவது அறிவுடைமையாகாது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலியும் இருக்கையில், பழகினால் போய்விடும் என்று தள்ளிவிடுவதும் அறமாகாது. வலியில்லாத சொடக்குக்குத் தேவை விளக்கம். வலியுள்ள சொடக்குக்குத் தேவை பரிசோதனை. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும்.

'மூட்டு திறக்கிறது' என்ற வாக்கியத்தையும் ஆராய வேண்டும். தொடை எவ்வளவு வெளிப்புறம் திரும்பும் என்பதைத் தசை மட்டும் முடிவு செய்வதில்லை. மூட்டுக் குழி நோக்கும் திசையும், தொடையெலும்பின் கழுத்து முன்னோக்கித் திரும்பியிருக்கும் கோணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அந்தக் கோணம் பிறப்பில் 30 முதல் 40 பாகை வரை இருக்கும். வளர்ச்சியில் குறைந்து, பெரியவர்களிடம் சராசரியாக 15 பாகையளவில் நிற்கும். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். பதின்பருவத்தின் இறுதிக்குள் எலும்பு தன் வடிவத்தை ஏறத்தாழ முடித்துவிடுகிறது. அதற்குப் பின் எத்தனை சாதகம் செய்தாலும் திறப்பதற்கு எலும்பில் கதவு ஏதுமில்லை. இடுப்பு தர இயலாத திருப்பத்தை மாணவி முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் கடன் வாங்குகிறாள். போதாததற்குக் கீழ்முதுகை வளைத்துக்கொள்கிறாள். வரிசையில் அனைவரது அரைமண்டியும் ஒன்றுபோல் தோன்றுகிறது. அந்த ஒற்றுமைக்கு யாருடைய முழங்கால் விலை கொடுக்கிறது என்பது எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

மரபு அப்படித்தான் விதிக்கிறது என்பார்கள். எந்த மரபு? அபிநயதர்ப்பணம் ஆயத மண்டலத்தை விளக்கும்போது பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளியையும் பக்கவாட்டில் வளைந்த முழங்கால்களையும் கூறுகிறதே தவிர, பாகைக் கணக்கு எதையும் விதிக்கவில்லை. தஞ்சை நால்வருள் ஒருவரான சின்னையா மைசூர் அரசவைக்கு வந்தார். அம்மண்ணில் வளர்ந்த மைசூர் மரபில் ஜட்டி தாயம்மாவும் (1857–1947) அவர் மாணவி வெங்கடலட்சம்மாவும் (1906–2002) போற்றப்பட்டது முதன்மையாக அபிநயத்திற்காக. அளவுகோல் வைத்தாற்போன்ற ஒரே ஆழ அரைமண்டியை அழியா விதியாகக் காட்டுவோர், மரபின் ஒரு கிளையை முழு மரமாகக் காட்டுகின்றனர். வடிவ ஒழுங்கு அழகியல் தேர்வாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் தேர்வென்றால் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும்.

மருத்துவ மனைகளும் குற்றமற்றவை அல்ல. சொடக்கு அசைவில் பிறப்பது. அசையாமல் படுத்திருப்பவரை எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் தாவும் நாணைத் தவறவிடக்கூடும். அசைவின்போதே பார்க்கும் அல்ட்ராசவுண்டும், அனுபவமுள்ள ஒரு விரலும் பல வேளைகளில் அதைவிட அதிகம் சொல்லும்: நாண்மீது விரலை அழுத்தினால் சொடக்கு நின்றுவிடுமாயின் இடம் தெரிந்துவிட்டது. இதில் மொழிச் சிக்கலும் உண்டு. தமிழில் 'இடுப்பு', கன்னடத்தில் 'சொண்ட' ஆகிய இரண்டுமே கீழ்முதுகையும் குறிக்கும், இடுப்பு மூட்டையும் குறிக்கும். 'இடுப்பு வலி' என்று மாணவி சொன்னால் மருத்துவர் முதுகை எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிடக்கூடும். 'எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டு' என்று கேட்பவருக்கு விடை கிடைக்கும்: தொடை இடுக்கென்றால் உட்புற நாணும் மூட்டும், பக்கவாட்டென்றால் பட்டை.

வலியுள்ள சொடக்குக்கான வழி எளியது. ஆனால் பொறுமை கேட்பது. சில வாரங்களுக்கு அரைமண்டியின் ஆழத்தையும் முழுமண்டியின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். ஆட்டத்தையே விட வேண்டியதில்லை. பிட்டத் தசைகளையும் உடல் நடுப்பகுதித் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சி, இடுப்பின் முன்புறத்தையும் பக்கவாட்டையும் அளவோடு நீட்டும் பயிற்சி ஆகியவை பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். நெட்டி முறிப்பதுபோல் வேண்டுமென்றே சொடக்கிட்டுப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். மிகப் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. வலி தணியாதபோது நாணருகே மருந்தூசி. கடைசியாகவே நாணைத் தளர்த்தும் அறுவை. அதன் பின் தொடையை உயர்த்தும் வலு குறையக்கூடும் என்பதை ஆடற்கலைஞரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். மூட்டு நடுவில் சிக்கிக்கொள்ளுதல், நொண்டல், இரவு வலி, காய்ச்சல், விழுந்தபின் தொடங்கிய வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கலாகாது. எலும்புக் காசநோயும், ஸ்டீராய்டு உட்கொண்டபின் தொடையெலும்புத் தலைக்குக் குருதியோட்டம் குறைந்து அது சிதைவதும் இந்நாட்டில் இளம் வயதினரிடமும் காணப்படுபவை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மாணவிகள் வலியை மறைக்கின்றனர். அரங்கேற்ற நாள் குறித்தாயிற்று, அரங்கத்திற்கும் பக்கவாத்தியத்திற்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. இனி வலி என்று எப்படிச் சொல்வது? இடுப்பில் கோளாறு என்றால் திருமணப் பேச்சில் சிக்கல் வருமோ என்று அஞ்சும் வீடுகளும் உண்டு. தசைநாண் எலும்பின்மீது வழுக்குவதற்கும் மகப்பேற்றுக்கும் தொடர்பில்லை என்று அந்த வீடுகளுக்கு எடுத்துரைக்க எவருமில்லை. ஆடியும் கற்பித்தும் பிழைக்கும் இளங்கலைஞருக்கோ வலி என்பது வருமான இழப்பு. மறைப்பதே இங்குப் பகுத்தறிவான செயலாகிவிடுகிறது. குற்றம் மறைப்பவர் மீதன்று.

'மேலை மருத்துவத்தின் அளவுகோலைக் கீழைக் கலைமீது சுமத்துவது காலனியப் பார்வை' என்ற மறுப்பு உடனே எழும். கல்விப்புலத்தில் அது எளிதில் கைதட்டல் பெறும் மறுப்பு. ஆனால் பாலே கலைஞரின் இடுப்பைப் பற்றித் தரவு குவிந்திருக்க, பரதக் கலைஞரின் இடுப்பைப் பற்றிச் சிறு அளவிலான வினாப்பட்டியல் ஆய்வுகளே பெரும்பாலும் கிடைக்கின்றன என்ற ஏற்றத்தாழ்வைவிடக் காலனியத்தன்மை வாய்ந்தது வேறென்ன? நாட்டிய மருத்துவத்திற்கான பன்னாட்டுச் சங்கம் 1990இலேயே தோன்றிவிட்டது. அரைமண்டியைப் பாலேயின் எண்களைக்கொண்டு மதிப்பிட வேண்டிய நிலையில் இந்திய ஆய்வாளர் இன்றும் இருப்பது, அளந்ததால் நேர்ந்ததன்று, அளக்காததால் நேர்ந்தது.

பெங்களூருக்கு இது புதிய பாதையும் அன்று. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்ற யு. எஸ். கிருஷ்ண ராவ் (1912–2005) தொழிலால் வேதியியல் பேராசிரியர். பெங்களூர்ப் பல்கலைக்கழக நடனத் துறையின் முதல் தலைவரும் அவரே. ஆய்வுக்கூடமும் ஆடரங்கும் ஒரே மனிதருள் குடியிருந்த ஊர் இது. அவ்வூரில் இன்று நாட்டியத் துறை ஒரு திசையிலும் உடலியக்க அறிவியல் இன்னொரு திசையிலும் முகம் திருப்பி நிற்பதற்கு நியாயமில்லை.

கேட்கப்படுவது பெரிதன்று. பயிற்சி தொடங்கும் மாணவியின் இடுப்புத் திருப்பத்தை ஒருமுறை அளந்து குறித்தல். ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வுகளில் அரைமண்டியின் ஆழத்தை அந்த உடலின் அளவுக்கேற்ப மதிப்பிடல். வலியைச் சொல்வோருக்கு மதிப்பெண்ணோ வாய்ப்போ குறையாது என்ற உறுதி. நாட்டியத்தில் முனைவர் பட்டம் பெறுவோர் ஒரு பருவமேனும் உடற்கூறு பயிலுதல். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. துறைத் தலைவர்கள் இருவர் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.

அடுத்த கருத்தரங்கில் 'ஆடும் உடல்' பற்றிக் கட்டுரை வாசிக்கவிருப்போர், அதற்கு முந்தைய மாலை ஒரு வகுப்பின் மூலையில் அமர்ந்து, எழும் மாணவிகளின் இடுப்பொலியைக் கேட்டுவிட்டு வரட்டும். எத்தனை பேருக்கு ஒலி, அவர்களுள் எத்தனை பேருக்கு வலி என்ற இரண்டு எண்களையேனும் கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதட்டும். கோட்பாடு அதன் பிறகு தொடங்கட்டும்.