ஒரு நாளுக்கு ஒரு துறை

மாலை வேளைகளில் என்னிடம் பாடங் கேட்க வரும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், “துறை என்றால் என்ன?” என்று சென்ற மாதம் வினவினேன். “கல்வித்துறை, சுகாதாரத்துறை” என்று தயங்காமல் விடை பகர்ந்தான். பிழையென்று சொல்வதற்கில்லை. ஆனால், அவன் பிறந்த ஊரோ பருத்தித்துறை! தன் ஊர்ப்பெயரின் பின்பாதி தோணி கரைசேரும் இடத்தைக் குறிக்கும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காத ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

அந்த எண்ணம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த வேளையிலேதான் கனடாவிலிருந்து என் பெறாமகனின் கடிதம் வந்தது. “ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பத்து நாள் வருகிறோம், சித்தப்பா. எங்கெங்கே போகலாமென்று ஒரு திட்டம் போட்டு வையுங்கோ” என்று எழுதியிருந்தான். தானும் ஒரு பட்டியலை இணைத்திருந்தான். காலையில் கோட்டை, முற்பகலில் நூலகம், பிற்பகலில் கீரிமலை, மாலையில் கசூரினாக் கடற்கரை. இவ்வளவும் ஒரே நாளில்!

சென்ற முறை அவர்கள் வந்தபோதும் இப்படித்தான் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு குடாநாடெங்கும் ஓடித்திரிந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு மூத்தவளை அருகில் இருத்தி, யாழ்ப்பாணத்தில் எது பிடித்ததென்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “வானில் யன்னலோரத்து இருக்கை” என்று ஆங்கிலத்திலே சொன்னாள். வீட்டார் எல்லாரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள். அந்த யன்னலைத் தவிர வேறொன்றிலும் அவளை நிலைத்திருக்க நாங்கள் விடவில்லையே!

பிள்ளைகளோடு கழிக்கும் விடுமுறைக்கு இடங்கள் பல வேண்டா. ஒரு நாளுக்கு ஒரு துறை போதும் என்பது என் கருத்து. இந்நகரை நம் முன்னோர் யாழ்ப்பாணப் பட்டினம் என்றே வழங்கினர். பட்டினம் என்பது கடற்கரையில் அமைந்த நகரம். அதைச் சூழ எத்தனை துறைகள்! கொழும்புத்துறை, ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. இவற்றுள் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலைப்பொழுதை முழுதாகக் கொடுத்தால், பிள்ளைகள் ஊரையும் அறிவர், சொல்லையும் அறிவர்.

ஊர்காவற்றுறையை எடுத்துக்கொள்வோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து அங்கே சென்று, காரைநகருக்குப் போகும் பாதையில் ஏறி நின்றால், கடலின் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. மறுநாள் குறிகட்டுவானிலிருந்து காலைப் படகிலே நயினாதீவுக்குப் போகலாம். அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு. ஊராத்துறையில் பிறநாட்டு வணிகர் வந்து இறங்க வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொன்று அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், பிற சரக்குக் கப்பலாயின் சரிபாதி என்றும் 12ஆம் நூற்றாண்டிலே விதித்த கல் அது. “நீ அரசனாயிருந்தால் என்ன செய்வாய்?” என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். சரித்திரப் பாடத்தில் கொட்டாவி விடும் பிள்ளையும் வழக்குரைக்கத் தொடங்கிவிடும்.

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் சொல்லவேண்டிய கதை அன்னபூரணியின் கதை. அவ்வூரிலே கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது. என் பெறாமகன் விமானத்தில் அக்கண்டத்தில் இறங்குவதற்கு நெடுநாள் முன்னரே நம்மவர் கட்டிய மரக்கலம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றது! காங்கேசன்துறைக்கோ புகையிரதத்திலேயே போகலாம். 1990இல் அறுந்துபோன பாதை அது. 2015இல் மீண்டும் இணைந்தது. நாகபட்டினத்துக்குக் கப்பற்சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கியதும், இடையில் நின்று 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் தொடங்கியதும் இத்துறையிலிருந்தே.

“பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறவர்கள்; எல்லாவற்றையும் காட்டாமல் அனுப்பலாமா?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். உறவினர் வீடுகளும் உண்டு. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவும் உண்டு. அவற்றுக்கு மாலைகள் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் வீட்டு வேம்பின் கீழ் உறங்கட்டும். காணாமல் விட்டவை அவர்களை மறுபடி அழைக்கும். கண்டு களைத்தவை அழைப்பதில்லை.

இது கடல்கடந்து வாழ்வோருக்கு மட்டும் சொல்வதன்று. நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் சுற்றுலாச் செல்லும் நம் மாணவருள் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கால்வையாதவர் எத்தனை பேர்! காரணம் நாம் அறியாததன்று. போர்க்காலத்தில் கடல் நமக்கு விலக்கப்பட்டிருந்தது. “கடற்பக்கம் போகாதே” என்று சொல்லியே ஒரு தலைமுறையை வளர்த்தோம். அன்று அந்த அச்சம் அறிவுடைமை. போர் 2009இல் முடிந்தது; அச்சம் மட்டும் பழக்கமாய் எஞ்சிவிட்டது. நீரில் இறங்கும் பிள்ளைக்குக் காவல் வேண்டும். கரையில் நின்று கப்பலைப் பார்க்கும் பிள்ளைக்குத் தடை எதற்கு?

ஆகவே பெறாமகனின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, குடாநாட்டுப் படமொன்றை வரைந்து, துறைகளின் பெயர்களை மட்டும் எழுதி, எந்த நான்கு வேண்டுமென்று பிள்ளைகளையே தெரியச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் மூத்தவளின் மறுமொழி வந்தது. அவள் எனக்குத் தமிழில் எழுதிய முதல் வரி: “அப்பப்பா, கப்பல் வரும் துரைக்கு முதலில் போவோம்.”

வல்லின றகரம் இடையின ரகரமாகிவிட்டது. நாற்பதாண்டு ஆசிரியத் தொழிலில் நான் திருத்தாமல் விட்ட எழுத்துப் பிழை இஃதொன்றே. காங்கேசன்துறைக் கரையில் நின்று அவளே திருத்திக்கொள்வாள்.