பழைய கம்ப்யூட்டரைக் கொன்றது யார்?

“உன் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது; தூக்கி எறி, புதிது வாங்கு!” ஏகபோக முதலாளிகள் உலக மக்களுக்கு இட்டிருக்கும் கட்டளை இது.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி விற்கும் விண்டோஸ் அப்படிப்பட்ட ஒன்று. விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14ந் தேதியோடு அந்தக் கம்பெனி நிறுத்தியது. ‘விண்டோஸ் 11க்கு மாறுங்கள்’ என்றது. மாறவேண்டுமானால் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். கம்பெனியின் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். 2018க்கு முன் வந்த செயலிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலிலேயே இல்லை! இதனால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்கிட்டது.

24 கோடி இயந்திரங்களும் பழுதாகிவிட்டனவா? இல்லை. திரை எரிகிறது, விசைப்பலகை தட்டினால் எழுத்து விழுகிறது. பிறகு ஏன் சாகவேண்டும்? புதிய இயந்திரம் விற்றாக வேண்டும், அதனால்தான்.

பஞ்சாலைத் தோழர்களைக் கேட்கிறோம்: உங்கள் மில் முதலாளி, பழசாகிவிட்டது என்று ரிங் பிரேமைத் தூக்கி எறிகிறாரா? ஸ்பிண்டிலை மாற்றி, பெல்ட்டை மாற்றி, கடைசி நூல் வரும்வரை ஓட்டவில்லையா? அவர் சொத்து என்றால் பழையது ஓடும். நம் சொத்து என்றால் பழையது ஓடாதாம்! என்ன நியாயம் இது?

பரணில் கிடக்கும் சொத்து

இது நகரத்துப் படித்தவர்களின் பிரச்னை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கூலித் தொழிலாளி வீட்டுக்கும் சேரிக் குடிசைக்கும் கம்ப்யூட்டர் வந்தது அப்போதுதான். தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் 2 ஜி.பி. நினைவகமே இருந்தது. இன்று அவற்றில் எத்தனை பரணில் தூசி படிந்து கிடக்கின்றன! எத்தனை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன!

பி.எப். பணம் கேட்க வேண்டுமா? நலவாரியத்தில் பதிய வேண்டுமா? பிள்ளையின் உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டுமா? எல்லாம் கம்ப்யூட்டர் வழி என்றாகிவிட்டது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் தூங்க, அரை நாள் கூலியை இழந்து பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கிறோம். ஒவ்வொரு தாளுக்கும் காசு அழுகிறோம்.

விதைநெல் யாருக்குச் சொந்தம்?

இதற்கு மாற்று உண்டு. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் க்னூ என்ற இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற உட்கருவை எழுதினார். இரண்டும் சேர்ந்தன, பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரம் பேரின் உழைப்பு அதில் கலந்தது.

விவசாயத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் பாட்டன் காலத்தில் விதைநெல்லை அண்டை வீட்டுக்காரனுக்குக் கொடுத்தோம். அவன் விளைத்து அடுத்த ஊருக்குக் கொடுத்தான். பிறகு கம்பெனி வந்தது. ஆண்டுதோறும் கடையில் வந்து விதை வாங்கு என்றது. விண்டோஸ் கம்பெனி விதை; லினக்ஸ் ஊர் விதை.

முதலாளிகளுக்கு இது பொறுக்குமா? லினக்ஸில் கம்யூனிசத்தின் குணங்கள் இருப்பதாக 2000இல் மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் சொன்னார். அறிவுச் சொத்துரிமையைத் தளர்த்தச் சொல்பவர்களை நவீன காலக் கம்யூனிஸ்டுகள் என்று 2005இல் பில் கேட்ஸ் சாடினார். வசை என்று நினைத்து அவர்கள் சொன்னதை நாம் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறோம்!

செய்வது எப்படி?

நினைவகம் என்பது கதிரடிக்கும் களம் மாதிரி. களம் சிறிதானால் ஒரே நேரத்தில் கொட்டும் கட்டைக் குறைக்க வேண்டும். விண்டோஸ் வேலை தொடங்குமுன்பே களத்தில் பெரும்பகுதியைத் தானே அடைத்துக்கொள்கிறது. லினக்ஸில் சின்னக் களத்துக்கென்றே எடை குறைந்த வகைகள் உண்டு. அதில் ஒன்று ஆன்டிஎக்ஸ். ‘முதலாளித்துவ எதிரி’ என்று பொருள்படும் புனைபெயர் கொண்ட ஒருவர் கிரீஸ் நாட்டிலிருந்து 2007 முதல் தோழர்களோடு சேர்ந்து உருவாக்கி வருவது. 512 எம்.பி. நினைவகத்திலும் ஓடும். 2023இல் வந்த பதிப்புக்கு, 1921இல் முசோலினியின் கருஞ்சட்டைக் குண்டர்களை எதிர்த்து நின்ற இத்தாலியத் தொழிலாளர் படையான ஆர்டிடி டெல் போபோலோவின் பெயரைச் சூட்டினார்கள்.

முதலில் பழைய கம்ப்யூட்டரில் உள்ள போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய இயங்குதளத்தைப் பதிக்கும்போது வன்தட்டு அழிந்துபோகலாம். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் கோப்பை இறக்கி, அதற்கென உள்ள மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். பழைய கம்ப்யூட்டர் 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்து அதற்கேற்ற கோப்பை எடுக்கவேண்டும். கம்ப்யூட்டரைப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்தால், வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒய்-பை, ஒலி, திரை எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுப் பிறகு பதிக்கலாம். தமிழில் தட்டச்சலாம், கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் உண்டு.

இது மந்திரக்கோல் என்று சொல்லமாட்டோம். இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை, 2 ஜி.பி.யில் ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் திறந்தால் திணறும். விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் ஓடா. ஆனால் மனுப் போட, படிக்க, எழுத, சங்கக் கணக்குப் பார்க்க, இந்த இயந்திரம் தாராளமாகப் போதும்.

மயக்கம் வேண்டாம்

இலவச மென்பொருளே சோஷலிசம் என்று மயங்குவோரும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: உலகத் தொழிலாளர்களின் பொது உழைப்பில் விளைந்த லினக்ஸை, அதே ஏகபோகங்கள் அறுவடை செய்கின்றன. லினக்ஸை வைத்து வியாபாரம் செய்த ரெட் ஹேட் கம்பெனியை ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது! விதை பொதுவானால் போதாது, தோழர்களே. நிலமும் களமும் யார் கையில் என்பதே கேள்வி.

ஆனாலும் போராடினால் அவர்கள் பின்வாங்குவார்கள். விண்டோஸ் 10க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு வேண்டுமானால் 30 டாலர் கட்டு, அல்லது எங்கள் கணக்கோடு உன் கம்ப்யூட்டரைப் பிணை என்பது போன்ற நிபந்தனைகளை மைக்ரோசாப்ட் விதித்தது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்த பிறகு, 2025 செப்டம்பரில் அங்கு மட்டும் இலவசமாகத் தர இசைந்தது. நமக்கு ஏன் இல்லை? நாம் ஒன்றுபட்டுக் கேட்கவில்லை!

தூக்கி எறிந்தால் அது எங்கே போகிறது தெரியுமா? 2022இல் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாக மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதமே. டில்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் அந்தச் சில்லுப் பலகைகளை எரித்து, நச்சுப் புகையை விழுங்கிச் செம்பு எடுப்பவர்களும் நம் வர்க்கத்தினரே.

நமது கோரிக்கை

அரசுப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் முடங்கிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களில் கட்டற்ற இயங்குதளத்தைப் பதித்து, அரசு உயிர்கொடுக்க வேண்டும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனமே பாஸ் லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு யூனியன் ஆபீசும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும், வாலிபர் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். பரணில் உள்ளதை எல்லோரும் கொண்டு வாருங்கள். தெரிந்த இளைஞன் தெரியாதவனுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். ஊர் தோறும் ஒரு கம்ப்யூட்டராவது உழைப்பாளி வீட்டு மனுக்களைக் காசில்லாமல் அனுப்பட்டும்.

நமது இயந்திரம் செத்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்ல லாப வேட்டைக்காரனுக்கு உரிமை இல்லை. பரணிலிருந்து இறக்குங்கள், தோழர்களே! தூசியைத் தட்டுங்கள்!