அம்மா வீட்டுக்குப் போ

"உன் அம்மா வீட்டுக்குப் போ." இதைக் கேட்காத மனைவிகள் நம்மில் குறைவு. அடிக்கு முன்போ அடித்த பிறகோ வரும் சொல் இது. இத்தனை வருடம் நீ கூட்டிப் பெருக்கிய வீடு உன்னுடையதல்ல என்பதே அதன் பொருள்.

2013 ஜூலையில் ஓர் அரசு இதே சொல்லை வண்டியில் எழுதித் தெருவில் ஓட்டியது. சட்டவிரோதக் குடியேறிகளுக்குப் பகைச் சூழலை உருவாக்குவதே தன் நோக்கம் என்று பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் தெரசா மே முந்தைய ஆண்டே அறிவித்திருந்தார். லண்டனின் ஆறு வட்டாரங்களில் இரண்டு விளம்பர வண்டிகள் சுற்றின. கைவிலங்குப் படம், 'வீட்டுக்குப் போ, இல்லையேல் கைது' என்ற எச்சரிக்கை, உங்கள் பகுதியில் சென்ற வாரம் 106 கைதுகள் என்ற கணக்கு. அந்தக் கணக்கு மக்களைத் தவறாக எண்ண வைப்பது என்று விளம்பரத் தர ஆணையம் பின்னர் கண்டித்தது. வண்டிகளால் நாட்டைவிட்டுப் போனவர்கள் 11 பேர் என்று உள்துறையே ஒப்புக்கொண்டது.

ஆனால் வண்டியில் எழுதியதைப் படித்தவர்கள் அந்த 11 பேர் மட்டுமா? ஈலிங், பிரெண்ட், ரெட்பிரிட்ஜ் எல்லாம் ஈழத்தமிழர் உட்படத் தெற்காசியர் நெருங்கி வாழும் இடங்கள். குடியுரிமை பெற்றவளும் படித்தாள். அவளை வெறுக்கும் அண்டை வீட்டானும் படித்தான். இனவெறியர்கள் சுவரில் கிறுக்கிவந்த வாசகத்துக்கு அரசு முத்திரை கிடைத்துவிட்டது.

கணவனின் விசாவை நம்பி வந்தவளை எண்ணிப் பாருங்கள். "போலீசுக்குப் போனால் உன்னைத்தான் நாடு கடத்துவார்கள்" என்று அவன் மிரட்டுகிறான். அவனுக்குச் சாட்சியாக அரசே தெருவில் நிற்கிறது. மிரட்டலும் வெறும் பொய்யல்ல. புகார் கொடுக்க வந்த பெண்களின் விவரங்களைக் காவல்துறை குடிவரவுத் துறைக்குக் கொடுத்துவந்தது. அதை எதிர்த்து 2018இல் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பும் லிபர்ட்டி அமைப்பும் முறையிட்டன. 2013 கோடையில் சவுத்தாலுக்கு வந்த குடிவரவு அதிகாரிகளைத் தெருவிலேயே எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் இந்த சவுத்தால் பெண்கள்தான்.

கடுமையாகப் பேசினால்தான் சட்டத்துக்கு மதிப்பு என்பார்கள். நடந்தது என்ன? சட்டத்தை மீறியவர்களில் 11 பேர் கிளம்பினார்கள். சட்டத்தை நாட வேண்டியவளோ வாயை மூடிக்கொண்டாள். அவளை அடித்தவனுக்கு ஒரு குறையும் இல்லை.

லண்டன் கதை நமக்கெதற்கு என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். உன் அம்மாவிடம் கேள் என்றேன். 'வீட்டுக்குப் போ' என்ற குரல் அவளுக்குத் தெரியும். அது கணவனிடமிருந்து வந்தாலும் அமைச்சரிடமிருந்து வந்தாலும் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யார் வீடு?