மொட்டைத் தலைப் பறவை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வேனில் முதிரும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், வீட்டுத் தோட்டங்களுக்கு இரை நாடி வரும் பறவைகளுட் சில, தலையில் இறகின்றி வருதலுண்டு. சிவந்த உடலும் கரிய வெறுந்தலையுமாக வந்து நிற்கும் கார்டினலைக் கண்டோர், இதுவும் ஒரு சிறு கழுகோ என மயங்குவர். நோயே என்பார் சிலர். பேனே என்பார் சிலர். இயற்கை நூல் பயில்வோர் இங்ஙனம் விரைந்து முடிவு கூறுதல் தகாது என்பதே எமது கருத்து.

இறகு, நமது நகத்தைப் போலவே, கெரட்டின் என்னும் பொருளால் ஆயது. முற்ற வளர்ந்தபின் அஃது உயிரற்றது; தேய்ந்தால் தானே சீர்ப்படாது. ஆதலின் பறவைகள் பழைய இறகை உதிர்த்துப் புதியது பெறுகின்றன. பெரும்பாலானவற்றிற்குக் குஞ்சுகளை வளர்த்து முடித்த பின்னரே இது நிகழும். வழக்கமாக இறகுகள் சிறிது சிறிதாகவே உதிரும். ஆயினும் கார்டினல், நீல ஜே என்பவற்றுட் சில, தலையிறகு முழுவதையும் ஒருங்கே உதிர்த்து விடுகின்றன. சில வாரங்களில் புதிய இறகு முளைத்துப் பழைய வனப்பு மீளும்.

பேனும் நுண்ணிய உண்ணியும் காரணமாதலும் கூடும். பறவை தன் உடலை அலகாற் கோதும். தலையையோ அலகு எட்டாது, காலாற் சொறிதலே இயலும். ஆகவே ஒட்டுயிர்கட்கு அங்கே புகலிடமுண்டு. உணவுக் குறையும் காரணமாகலாம். குறி ஒன்றாயினும் காரணம் பல என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. நம் நாட்டு மைனாவும் சிற்சில வேளை தலையிறகிழந்து, மஞ்சள் தோல் தோன்றத் திரிகின்றது. இரக்கமுடையார் அதனைப் பிடித்து வேப்பெண்ணெய் பூச முற்படலாம். எண்ணெய் தோய்ந்த இறகோ குளிரையும் மழையையும் தடுக்கும் ஆற்றலை இழக்கும். பிடிபட்ட அச்சமும் அதனை வருத்தும். தானே நீங்கும் குறையை நாம் துன்பமாக்கியவராவோம். இரக்கம் நன்றே; ஆராயாத இரக்கம் நன்றன்று.

ஆதலின் மாணவ நண்பர்காள்! அத்தகைய பறவையைக் காணின், முதற்கண் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சு வளர்க்கும் பருவம் கழிந்ததோ, உண்ணலும் பறத்தலும் குறைவற நிகழ்கின்றனவோ என நோக்குங்கள். நீங்கள் இரை வைக்கும் தட்டைக் கழுவி வையுங்கள். புண்ணேனும் சோர்வேனும் காணின், கால்நடை மருத்துவரை வினவுங்கள். இன்றேல் ஒரு திங்கள் பொறுத்து மீண்டும் நோக்குங்கள். காரணம் இன்னதென்று கூறுதற்கு உரிமை அதன் பின்னரே நமக்குண்டு.