அரிசிக்கு இல்லாத எல்லை

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவருக்கும், தம்பானூரில் கணக்கு எழுதுகிறவருக்கும் ஒரு கவலை பொது. எழுந்து நடக்க இயலாத பிள்ளை வீட்டில் இருந்தால், தாய் வேலைக்குப் போக முடியாது. ஒரு வருமானம் நின்றுவிடும். மருந்துச் செலவு நிற்காது.

இதை உணர்ந்துதான் கேரள அரசு, சமூகப் பாதுகாப்பு மிஷன் மூலம் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தைக் கொண்டு வந்தது. பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் இங்குள்ள கட்டடத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கும் அது குறைவு. அதுவும் நிலுவையில் கிடந்த காலங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ரேஷன் கார்டு ஊரிலும் பிழைப்பு இங்கேயுமாக இருப்பவர் என்ன செய்வார்? அங்கே ஆள் இல்லை; இங்கே கார்டு இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் 'நிராமயா' காப்பீடும் எல்லா மாநிலத்தவருக்கும் உரியது. 'ஒரே நாடு, ஒரே ரேஷன்' திட்டத்தில் ஊர்க் கார்டுக்கு இங்கே அரிசி வாங்கவும் வழி வந்துவிட்டது. அரிசி எல்லை தாண்டும்போது உதவித்தொகை மட்டும் ஏன் தாண்டக் கூடாது?

இரு அரசுகளும் கலந்து பேசி வழி காண வேண்டும். நம்மவர்களும் பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்காமல், முதலில் அடையாள அட்டையை வாங்கிவிட வேண்டும். கணக்கில் வராத பிள்ளைக்காக எந்த அரசு கஜானாவைத் திறக்கும்?