சேற்றில் சுழலும் சக்கரம்

மழைக்காலம் பிறந்துவிட்டால், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கவலையும் உடன் பிறந்துவிடுகிறது. லாரி ஓட்டச் சென்றவர் எந்தச் சேற்றில் சிக்கி நிற்கிறாரோ என்பதே அக்கவலை. ஆதலின் இம்மாதம் இப்பகுதியில் லாரியின் பின் அச்சைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். ஓட்டுநர் அன்பர்கள் இவற்றுட் பலவற்றை அறிந்திருப்பர். எனினும், கிளீனராகச் செல்லும் இளைஞரும் வீட்டிலுள்ளோரும் அறிந்துகொள்வது நன்று.

சென்ற ஆண்டு ஆடி மழையில் நாம் கண்ட காட்சி ஒன்று. செம்பூருக்கு அப்பால், கட்டட வேலை நடக்கும் ஓரிடத்தில் மணல் ஏற்றிய லாரி ஒன்று நின்றுவிட்டது. அதன் பின்புறத்து இடச் சக்கரங்கள் சேற்றில். வலச் சக்கரங்கள் கெட்டியான தார்ச்சாலையில். ஓட்டுநர் மிதிக்க மிதிக்கச் சேற்றுச் சக்கரம் மட்டும் பம்பரமாய்ச் சுழன்று குழி தோண்டிற்று. தார்ச்சாலைச் சக்கரமோ அசையவே இல்லை. கிளீனராயிருந்த நெல்லைச் சீமைப் பிள்ளை, சுழலும் சக்கரத்தின் அடியில் கருங்கல்லைத் திணித்தான். கல் தெறித்து அவன் முழங்காலைப் பதம் பார்த்தது. இரண்டு மாதம் வேலையின்றி வீட்டிலிருந்தான். அவன் அன்னை நம்மிடம் கேட்டது ஒன்றே: “நல்ல ரோட்டில் நின்ற சக்கரம் ஏன் ஐயா இழுக்கவில்லை?”

நியாயமான கேள்வி. விடையை விளக்குவோம்.

லாரி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1.8 மீட்டர் எனக் கொண்டால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 2.8 மீட்டர் ஆகும். இதற்கு இடங்கொடுப்பதே டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. பிரெஞ்சு நாட்டவரான பெக்கர் 1828-இல் நீராவி வண்டிக்கென இதற்கு உரிமம் பெற்றார்.

இத்தொகுதி இரு பக்கத்திற்கும் சமமான முறுக்கு விசையையே அளிக்கும். சமம் என்பது நல்ல சொல்தான். ஆனால் இங்கே நலிந்த பக்கம் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவே வலிய பக்கத்திற்கும் கிடைக்கிறது. சேற்றுப் பக்கம் 500 கிலோ இழுவையையும், தார்ப் பக்கம் 3,500 கிலோ இழுவையையும் தாங்கும் என வைத்துக்கொள்வோம். சாதாரண அச்சில் கிடைப்பது 500-உம் 500-உம் ஆக 1,000 கிலோவே. எஞ்சிய 3,000 கிலோ தார்ச்சாலையில் வீணே கிடக்கிறது. அந்த அன்னையின் கேள்விக்கு விடை இதுவே.

இக்குறையைத் தீர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல். பெர்டினாண்ட் போர்ஷே 1935-இல் பந்தயக் கார்களுக்காக இத்தகைய ஒன்றை ஜெர்மனியில் செய்வித்தார். இதன் ஒரு வகையில், உள்ளே அடுக்கிய உராய்வுத் தட்டுகள், சுழலும் பக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையை மறுபக்கத்திற்குத் தள்ளும். மும்மடங்கெனில் நம் கணக்கில் 500-உம் 1,500-உம் ஆக 2,000 கிலோ. இது தானே இயங்கும். ஓட்டுநர் ஒன்றும் செய்யவேண்டுவதில்லை. ஆயினும் தட்டுகள் தேயும். அதற்குரிய எண்ணெயே வார்க்கவேண்டும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலோ, பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யமே என்பதுபோல், இதன் உதவி மிகக் குறையும்.

மற்றொன்று பூட்டு. ஓட்டுநர் பொத்தானை இயக்கியதும் இரு பக்க அச்சுகளும் ஒன்றாகப் பிணைகின்றன. அப்போது நம் கணக்கில் 4,000 கிலோவும் கிடைக்கும். சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் உழைக்கும் டிப்பர்கள் பலவற்றில் இது உண்டு. பத்துச் சக்கர டிப்பர்களில், இரண்டு பின் அச்சுகளையும் தம்முள் பிணைக்கும் வேறொரு பூட்டும் இருப்பதுண்டு.

ஆனால் அன்பர்களே, பூட்டு இருமுனைக் கத்தி. சக்கரம் சுழலும்போது அதனைப் போட்டால் பற்கள் முறியும். வண்டியை நிறுத்திய பின்னரே போடவேண்டும். சேறு கடந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்து கெட்டிச் சாலையில் திரும்பினால் டயர் தேயும், அச்சும் ஒடியலாம். மழை நனைத்த கண்டாலா மலைவளைவில் பூட்டோடு திரும்பினால், ஸ்டியரிங் ஒருபுறம் இழுக்க வண்டி நேரே போகப் பார்க்கும். அச்சு ஒடிந்தால் பழி முதலில் ஓட்டுநர் தலையிலேயே விழும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

பூட்டு இருக்கிறதென்று வெள்ளத்திலும் இறங்கலாகாது. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மவர் மறக்கமாட்டார். அத்தகைய நீரில் எந்தப் பூட்டும் காவாது. பின் அச்சு நீரில் மூழ்கியிருந்தால், அதன் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வெளுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

இவையொன்றும் இல்லாத லாரியாயின்? மேலும் மேலும் மிதிப்பதால் குழி ஆழமாகுமேயன்றி வண்டி ஏறாது. இன்ஜினை நிறுத்தி, மண்வெட்டியால் சேற்றை வழித்து, பலகையோ சரளையோ இட்டு, ஆட்கள் யாவரும் விலகி நின்றபின் மெல்லக் கிளப்புக. சுழலும் சக்கரத்தருகே எவரும் கை நீட்டவேண்டாம். பின்னால் நிற்கவும் வேண்டாம். அவசரப்படுத்தும் முதலாளியின் வசவு ஒரு நாளில் மறையும். போன கால் திரும்பி வாராது.

அந்தப் பிள்ளை இப்போது குணமடைந்து மீண்டும் வேலைக்குப் போகிறான். அவன் லாரியில் இரண்டு பலகைகளும் ஒரு மண்வெட்டியும் எப்போதும் இருக்கின்றன. அவற்றை வாங்கிக் கொடுத்தவர் அவன் அன்னை. நம் இல்லத்து அன்னையர் ஏனையோரும் அவ்வாறே செய்வாராக.